பள்ளிக்கூடத்திலிருந்து வராத போன்

அந்தப் பெண் என் தலைமுடியைப் பிடித்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ‘பயப்படாதீர்கள், உங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்ல வந்த சிரிப்பு அது. வாயைத் திறப்பதற்குள் என் கொண்டை அவள் கைக்குள் போய்விட்டது. தலை பின்னால் இழுபட்டு வெறும் வானம் தெரிந்தது. அடுத்த நொடி, பள்ளி வாசலில் கொட்டியிருந்த ஜல்லியில் முழங்கால் பதிய விழுந்தேன்.

“என்ற புள்ளையக் கொன்னுபோட்டு சிரிக்கறா பாருங்க!” என்று அவள் கத்தினாள்.

நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. வீடு சிங்காநல்லூரில். வேலை, கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் பள்ளியில். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா இரண்டு பேருமே தறி ஓட்டுகிறவர்கள். பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியாகத் தறிச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். கரண்ட் போய் அது நின்றால்தான் எங்களுக்கு அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரியும்.

அந்தப் பள்ளியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆசிரியர்கள் பெற்றோருக்கு நேரடியாகப் போன் செய்யக் கூடாது. எதுவாக இருந்தாலும் ஆபீஸ் வழியாகத்தான். பெற்றோர் யாருடைய நம்பரும் எங்களிடம் இருக்காது. “நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, அவங்க ஒண்ணு புரிஞ்சுக்குவாங்க. எதுக்குங்க நமக்கு வம்பு?” என்பார் தாளாளர். எங்களில் பலருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், என் வகுப்புப் பெண் ஒருத்தி கை கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்தாள். தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் நெற்றி மோதியது. வராந்தாவின் அடுத்த முனையில் நின்ற எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் புருவத்துக்கு மேலே தோல் பிளந்து, ஒரு கண்ணை முழுக்க மூடிக்கொண்டு ரத்தம் வழிந்தது. மற்ற பிள்ளைகள் அலறினார்கள். நான் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே நின்ற ஆட்டோவில் ஏறி, அவள் தலையை மடியில் வைத்து, முந்தானையைச் சுருட்டிக் காயத்தின்மேல் அழுத்தினேன். துணி நனைந்து என் விரல்களுக்கிடையே ரத்தம் கசிந்தது.

ஆட்டோவிலிருந்தே ஆபீசுக்குப் போன் போட்டேன். “வீட்டுக்குச் சொல்லியாச்சுங்களா?”

“அதெல்லாம் நாங்க பாத்துக்கறம் டீச்சர். நீங்க போங்க” என்றாள் ஆபீஸ் பெண்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது பிள்ளை என் கையைக் கடித்துவிட்டாள். பல் இறங்கிய இடம் நீலமாகிவிட்டது. கையை இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை. தையல் போட்டு முடிக்கும்வரை அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாள்.

“எங்கம்மா எப்பங்க டீச்சர் வருவாங்க?”

“வந்துட்டே இருக்காங்க கண்ணு.”

மறுபடியும் ஆபீசுக்குப் போன் போட்டேன். வந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் பதில் வந்தது. நான் அதை நம்பினேன். பிள்ளையிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார் டாக்டர். இன்னொரு ஆசிரியையை அனுப்பிவைத்த தாளாளர், என்னை உடனே பள்ளிக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொல்லச் சொன்னார். ரத்தம் காய்ந்து விறைத்துப்போன புடவையோடு அதே ஆட்டோவில் திரும்பினேன்.

வாசலில் ஒரு கூட்டம் நின்றது. முன்னால் நின்றவளை எனக்கு அடையாளம் தெரிந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளையின் அம்மா. தறியிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். தலையிலும் தோளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பாவம், ஆஸ்பத்திரி எது என்று தெரியாமல் இங்கே வந்துவிட்டாள் போல என்று நினைத்து, ஆட்டோவை விட்டு இறங்கி, சிரித்துக்கொண்டே அவளிடம் போனேன். என் புடவை முழுக்க அவள் பிள்ளையின் ரத்தம்.

விழுந்த பிறகு என்னை யார் யார் உதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. செருப்புக் கால்கள்தான் தெரிந்தன. விலாவில் ஒரு உதை விழுந்ததும் மூச்சு நின்றுபோனது. கத்த வாய் திறந்தால் காற்றே வரவில்லை. யாரோ கையை மிதித்தார்கள். சுண்டுவிரல் எலும்பு முறிந்தது அப்போதுதான். அந்த அம்மா மட்டும் என் முடியை விடவேயில்லை. இன்னொரு கையால் முகத்தைப் பிறாண்டினாள். பிறாண்டிய கை கம்மலில் சிக்கியது. அவள் இழுத்தாள். இடது காதின் மடல் துணி கிழிவதுபோல் கீழே வரை கிழிந்தது. வலியைவிட முதலில் உணர்ந்தது கழுத்தில் இறங்கிய சூடு.

வாட்ச்மேன் கேட்டை உள்ளேயிருந்து பூட்டிவிட்டார். நான் வெளியே கிடந்தேன். மாடி வராந்தாவில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கையில் போன் இருந்தது. போலீசுக்குப் பேசுகிறார் என்று நினைத்தேன். வீடியோ எடுத்தார் என்பது மறுநாள் தெரிந்தது.

என்னைக் காப்பாற்றியது அந்த ஆட்டோக்காரர்தான். “ஏனுங்க, புள்ளை ஆஸ்பத்திரில நல்லாருக்குதுங்க! இந்தம்மாதான் மடியில போட்டுக் கூட்டிட்டுப் போச்சு! நாந்தானுங்க ஆட்டோ ஓட்டுனேன்!” என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைந்தார். அவருக்கும் வாயில் ஒரு குத்து விழுந்தது. உதடு கிழிந்து தொங்க, திரும்பத் திரும்ப அதையே கத்தினார். நாலாவது ஐந்தாவது தடவைதான் அந்த அம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். அவள் கை தளர்ந்தது. “நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாளா, அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. அவள் விரல்களில் என் முடி கற்றையாகச் சுற்றியிருந்தது.

ஆனால் மற்றவர்களால் அதற்குள் நிறுத்த முடியவில்லை. அவளுடைய அண்ணன் பள்ளி வேன் மேல் கல்லை எறிந்தார். கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டதும் எல்லோரும் எறிய ஆரம்பித்தார்கள். ஆபீஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. உள்ளே பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து அழுதார்கள். அந்தப் பிள்ளைகளில் கல்லெறிந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள்.

என்னையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். மத்தியானம் பிள்ளைக்கு மருந்து வைத்த நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காதைத் துடைக்க ஆரம்பித்தார். திரைக்கு அந்தப்பக்கம் பிள்ளையின் குரல் கேட்டது. “அம்மா, டீச்சர் மடியிலயே படுத்துட்டு வந்தேன். ஊசி போடறப்ப டீச்சர் கையக் கடிச்சுப்போட்டேன். திட்டவே இல்ல.” கொஞ்ச நேரம் கழித்துத் திரை விலகியது. அந்த அம்மா நின்றாள். என் காதையும் கட்டுப் போட்ட விரலையும் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

என் கணவர் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிய விதம் எனக்குப் பயமாக இருந்தது. பதினைந்து வருடத்தில் யாரையும் கை ஓங்கிப் பார்த்திராத மனிதர், நேரே வெளியே போய் அங்கே நின்ற அந்த அம்மாவின் அண்ணனின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அறைந்தார். இரண்டு பேரும் தரையில் புரண்டார்கள். மருந்து வண்டி கவிழ்ந்தது. ஊசி போட்ட மயக்கத்தில் நான் படுத்தபடி, ‘இன்னும் ரெண்டு போடுங்க’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரும் உட்கார்ந்தோம். அந்த அம்மா, அவள் கணவன், அவள் அண்ணன், தாளாளர், நான், என் கணவர். விசாரித்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. தாளாளர் சமாதானமாகப் போய்விடலாம் என்றே பேசிக்கொண்டிருந்தார். பள்ளியின் பெயர் கெட்டுவிடுமாம். எஸ்.ஐ. அதைக் காதில் வாங்கவே இல்லை.

“புள்ளைக்கு அடிபட்டப்ப வீட்டுக்கு யார் போன் பண்ணுனது?” என்று கேட்டார்.

நான் தாளாளரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தையலெல்லாம் போட்டு முடிச்சதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தமுங்க. இப்பவே சொன்னா பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்து சத்தம் போடுவாங்க, அதனாலதான்...”

ஆஸ்பத்திரியில் நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் பொய் சொன்னார்கள்.

“சரி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று எஸ்.ஐ. அந்த அம்மாவிடம் கேட்டார்.

அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள். அடிபட்ட நேரத்தில் ஒரு பெண் தன் மகனுக்குச் சாப்பாடு கொடுக்கப் பள்ளிக்கு வந்திருக்கிறாள். என்ன கூச்சல் என்று கேட்டதற்கு அவன், “தலையெல்லாம் ரத்தம்மா, டீச்சர் அவளத் தூக்கிப்போட்டு ஓடிட்டாங்க” என்று சொல்லியிருக்கிறான். எங்கள் பக்கம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்பதைச் சாப்பிட்டுப்போட்டு வாரேன் என்றுதான் சொல்வோம். தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதைத்தான் அவன் சொன்னான். கேட்டவளுக்கு வேறு மாதிரி கேட்டது. பிள்ளையைத் தூக்கி எறிந்துவிட்டு டீச்சர் ஓடிப்போய்விட்டாள் என்று அவள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பினாள். அடுத்தவள் அதில் மண்டை உடைந்ததைச் சேர்த்தாள். அதற்கடுத்து வந்ததில் உயிர் போய்விட்டது.

“தறிக்குப் பக்கத்துல நின்னு காதுல வெச்சுக் கேட்டேனுங்க. சத்தத்துல செரியாக் கேக்கல. வெளிய வந்து மறுக்காக் கேட்டேன். பொறவு ஸ்கூலுக்குப் போன் போட்டேனுங்க. மீட்டிங்குல இருக்காங்கன்னு வெச்சுட்டாங்க. மறுக்காப் போட்டேன். எடுக்கவே இல்ல. என்ற புள்ளை உசுரோட இருக்குதுன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ஒருத்தரும் சொல்லலீங்க.”

அவள் முடிப்பதற்குள் பளார் என்று ஒரு சத்தம். அவள் கணவன் அவள் கன்னத்தில் அறைந்துவிட்டான். ஸ்டேஷனுக்குள்ளேயே. “உன்னாலதான்டி மானம் போச்சு!” என்று மறுபடியும் கையை ஓங்கினான். முந்தின நாள் முழுக்க அந்த அறைக்காக ஏங்கியவள் நான். விழுந்த கணத்தில் ஒரு திருப்திகூட வந்தது. ஆனால் அவள் துளியும் அதிரவில்லை, கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அடுத்த அடிக்கு முகத்தை லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். பழகிய உடம்பு.

“அவங்க மேல கை வெக்காதீங்க!” என்று எழுந்து கத்தினேன். தையல் இழுத்துக் காதில் மறுபடி ரத்தம் வந்தது. ஒரு கான்ஸ்டபிள் அவனை இழுத்துக்கொண்டு போனார்.

அந்த அம்மா மேல் நான் புகார் கொடுக்கவில்லை. கல்லெறிந்தவர்கள் மேல் பள்ளி போட்ட வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது. என் கணவருக்கு என் முடிவில் கோபம்தான். “நாளைக்கு இன்னொருத்தி வந்து கழுத்தை அறுப்பா, அப்பவும் பேசாம இரு” என்றார். தாளாளரிடம் நான் ஒன்றே ஒன்று சொன்னேன். என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு நானே போன் செய்ய விட்டால்தான் திரும்பி வருவேன். அவர் முடியாது என்றார். கேட்டை உயர்த்திக் கட்டினார், கேமரா வைத்தார், வாசலில் கம்பு பிடித்த இரண்டு ஆட்களை நிறுத்தினார். பயந்துபோன பெற்றோர்கள் வரிசையாக வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான், பெற்றோர் நம்பர்களைத் தருகிறேன் என்று எனக்கு ஆள் அனுப்பினார்.

திரும்பிப் போனபோது நான் பழைய ஆளாக இல்லை. வாசலில் எந்தப் பெண்ணாவது வேகமாக என்னை நோக்கி வந்தால் கை தானாகவே காதை மூடிக்கொள்ளும். வகுப்பில் ஒரு பையன் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டான். நான் திரும்பிய வேகத்தில் கையிலிருந்த டஸ்டர் அவன் முகத்துக்கு நேரே போய் நின்றது. அவன் அழுதுவிட்டான். சாயங்காலம் அவன் வீட்டுக்கு நானே போன் செய்து, பையன் பயந்துபோயிருக்கிறான், காரணம் நான்தான் என்று சொன்னேன். அவன் அப்பா “பரவாயில்லீங்க டீச்சர், நீங்களே கூப்புட்டுச் சொன்னீங்களே” என்றார்.

அந்த அம்மாவுக்கு முதன்முதலில் போன் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளை கணக்கில் நல்ல மார்க் எடுத்திருந்தாள், அதைச் சொல்லத்தான். பள்ளியிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்தப் பக்கம் ஒரு அலறல். “ஐயோ, என்னாச்சுங்க என்ற புள்ளைக்கு!” ஏதோ கீழே விழுந்து உருண்ட சத்தமும் கேட்டது. அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் என்றாலே சாவுச் செய்திதான். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் பேசினாலும், ‘புள்ளை நல்லாருக்குதுங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் நான் யார் என்பதையே சொல்கிறேன்.

எங்கள் பேச்சு அதிகம் இருக்காது. பிள்ளை சாப்பிட்டாள், சாப்பிடவில்லை, தலைவலி என்றாள், அவ்வளவுதான். அடித்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

“டீச்சர், இன்னைக்குப் புள்ளை அழுதா ஒண்ணும் கேக்காதீங்க. அவங்கப்பா என்னைய அடிச்சுப்போட்டாரு. புள்ளை பாத்துட்டா. குறுக்க வந்து அவளும் ஒண்ணு வாங்கிட்டா.”

அன்று பிள்ளையின் தோள்பட்டையில் பெல்ட் தடம் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானப் பாடத்தில் டெஸ்க்கில் தலை வைத்துத் தூங்கினாள். எழுப்பாமல் விட்டேன். முன்பென்றால் எழுப்பி நிற்க வைத்திருப்போம். அடுத்த இடைவேளையில் அவள் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். பிள்ளைகளுக்கான உதவி எண்ணுக்கு நான் பேசப் போகிறேன், உங்களுக்குத் தெரியாமல் பேச மாட்டேன் என்றேன். தறிச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள். “பேசுங்க. நான் அண்ணன் ஊட்டுக்குப் போயிடறேனுங்க. நாளைலேர்ந்து வேனை அங்க வரச் சொல்லுங்க. ஒருவேளை அவரு ஸ்கூலுக்கு வந்தா, புள்ளைய மட்டும் குடுத்துப்போடாதீங்க.”

அன்றே உதவி எண்ணுக்குப் பேசினேன். அந்த வாரமே அவள் கணவன் பள்ளிக்கு வந்தான். குடித்திருந்தான். பெற்ற அப்பன் நான், பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று ஆபீசில் நின்று கத்தினான். பழைய நாளாக இருந்தால் ஆபீஸ் பெண் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பையோடு கொண்டுவந்து நிறுத்தியிருப்பாள். அப்பா என்றால் அப்பாதானே என்று நாங்களும் டாட்டா காட்டியிருப்போம். இப்போது அவள் முதலில் எனக்குப் போன் போட்டாள். நான் பிள்ளையை ஆசிரியர் அறைக்குள் விட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தினேன். எஸ்.ஐ.க்கும் அவள் அம்மாவுக்கும் போனில் சொல்லிவிட்டு ஆபீசுக்கு வந்தேன்.

“நீதானே அன்னிக்கு அடி வாங்குனவ?” என்று கேட்டான். “பத்தலயா?”

“புள்ளைய உங்ககூட அனுப்ப மாட்டேங்க. அவங்கம்மா எங்கிட்டச் சொல்லியிருக்காங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் மேஜைமேல் பதித்திருந்த கண்ணாடியைக் கையால் ஓங்கிக் குத்தினான். அது நட்சத்திரம்போல விரிசல் விட்டு, துண்டுகள் தரையில் தெறித்தன. அவன் முஷ்டியிலிருந்து ரத்தம் கொட்டியது. அந்தக் கையாலேயே என் கழுத்தைப் பிடித்தான். சுவரில் என் பின்தலை மோதியது. அதற்குள் வாட்ச்மேனும் வேன் டிரைவரும் பாய்ந்து அவனைக் கீழே தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள். போலீஸ் ஜீப் வரும்வரை அவன் தரையில் கிடந்தபடியே என்னையும் மனைவியையும் வாயால் சொல்ல முடியாத வார்த்தைகளால் ஏசிக்கொண்டிருந்தான்.

அம்மா வந்தபோது அவனைக் கொண்டுபோயிருந்தார்கள். ஆபீஸ் தரையில் கண்ணாடித் துண்டும் ரத்தமும் அப்படியே கிடந்தன. அவள் வாசற்படியில் நின்று என் கழுத்தில் பதிந்திருந்த சிவந்த விரல் தடங்களைப் பார்த்தாள். கை நீட்டித் தொட வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“உள்ள இருக்கா. சாப்பிட்டுட்டு இருக்கா” என்றேன்.

“சத்தம் கேட்டுருக்குமுங்களா அவளுக்கு?”

“கேட்டுருக்கும். போய்ப் பக்கத்துல உக்காருங்க.”

அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி உள்ளே போனாள். நான் துடைப்பம் எடுத்துவரச் சொல்லிவிட்டு, என் வகுப்பில் மீதி இருந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தேன். இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்பதை அவர்கள் முதலில் என்னிடமிருந்து கேட்க வேண்டும்.